நான்காவது பிரதி

தாம்பரத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் நம் ஊரின் குறைகளைப் பற்றி ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அவை யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர்களிடம் போய்ச் சேருகின்றனவா?

மார்ச் மாதக் கடைசியில் மேற்குத் தாம்பரம் பக்கம் போனால் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. கழுத்தில் கல்லூரி அட்டை தொங்க, கையில் பென் டிரைவோடு இறுதியாண்டுப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். "அண்ணா, மூணு காப்பி. ரெண்டு ரெக்சின் பைண்டிங், ஒண்ணு ஸ்பைரல் போதும்." கடைக்காரருக்கு இது பழகிய கணக்கு. ஒன்று துறைக்கு, ஒன்று வழிகாட்டிப் பேராசிரியருக்கு, ஒன்று வீட்டு அலமாரிக்கு.

அந்தக் கூட்டத்தில் நின்று அட்டைகளை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஏரித் தண்ணீரின் தரம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் முதியவர்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் ஊதியம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடும் பெண்கள். அரசுப் பள்ளிக் கழிப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வித்தாள், நூறு பேரிடம் வாங்கிய பதில்கள், வண்ண வண்ண வட்டப்படங்கள், கடைசியில் 'பரிந்துரைகள்' என்று ஓர் அத்தியாயம். மாநகராட்சி இதைச் செய்ய வேண்டும், நெடுஞ்சாலைத் துறை அதைக் கவனிக்க வேண்டும் என்று அந்த அத்தியாயம் உரத்த குரலில்தான் பேசுகிறது. மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மட்டும் அது கேட்பதில்லை. அலுவலகத்தில் கொடுக்க நான்காவதாக ஒரு பிரதி வேண்டும் என்று கேட்ட பிள்ளையை அந்தக் கடைகளில் நான் இதுவரை பார்த்ததில்லை.

படிப்புக்குப் பஞ்சமான இடமில்லை இது. ஜார்ஜ் டவுனில் நூறாண்டு இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. குரோம்பேட்டையில் சி.ராஜம் 1949-ல் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். பிறகு கௌரிவாக்கம், பல்லாவரம், சேலையூர், வண்டலூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ கண்ணில் படுகிறது. காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறி நின்றால் போதும், பதினெட்டு வயதும் இருபது வயதுமாக ஓர் ஆறே ஓடுவது தெரியும். அத்தனை பேரும் வாக்காளர்கள், அல்லது இன்னும் சில மாதங்களில் வாக்காளர்கள். இந்த ஊரின் தெருக்களையும் கால்வாய்களையும் தினமும் மிதித்துக் கடப்பவர்கள்.

நானும் மூன்று பிரதி போட்டவன்தான். கல்லூரிக் காலத்தில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக, ஏரிக்கரை ஊர் ஒன்றில் வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, எந்த வீட்டில் கழிப்பறை இல்லை, யார் எவ்வளவு தூரம் நடந்து குடம் சுமக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். ஓர் ஆயா எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். எழுதி முடித்து எழுந்தபோது கேட்டார்: "போன வருசமும் உங்க காலேஜ் புள்ளைங்கதாம்பா வந்து எழுதிக்கினு போனாங்க. அந்தப் பேப்பரு எங்க போச்சு?"

எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பேப்பர் கல்லூரி அலமாரியில் இருந்தது. எங்களுடையதும் அதே அலமாரிக்குத்தான் போனது. அந்த ஆயா கேட்ட கேள்விக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதுவதன் காரணமும் அதுதான்.

ஏரியின் நாள்காட்டி, கல்லூரியின் நாள்காட்டி

தாம்பரம் ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர். மேற்கே விழும் மழை ஆதனூர், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. கிழக்கே விழுவது சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கைமாறிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக வெளியேறுகிறது. ஒரு கண்ணி அடைபட்டால் அடுத்த ஊரின் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும். 2015 டிசம்பர் 2-ம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மொட்டை மாடிகளிலிருந்து மக்களைப் படகில் இறக்கினார்கள். அந்த இரவைப் பார்த்தவர்கள் இன்றும் மழை பெய்யும்போது தூங்குவதில்லை.

இந்தத் தண்ணீர் வழிகளைப் பற்றி மாணவர்கள் எழுதாமல் இல்லை. தடை இருப்பது நாள்காட்டியில். ஜூனில் தொடங்கும் பருவம் நவம்பர் தேர்வோடு முடிகிறது. டிசம்பரில் தொடங்குவது ஏப்ரலோடு முடிகிறது. வடகிழக்குப் பருவமழையோ அக்டோபர் நடுவில் வந்து டிசம்பர் வரை பெய்கிறது. கால்வாய் நிரம்பி வழியும் நாளில், ஆகஸ்டில் அதை அளந்த மாணவி தேர்வு அறையில் இருப்பாள். ஏரி காய்ந்து, எந்தக் குழாய் எந்த வீட்டிலிருந்து கழிவுநீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று பட்டவர்த்தனமாகத் தெரியும் மே மாதத்தில் கல்லூரிக்கு விடுமுறை. நிலம், ஏரி, புறம்போக்கு பற்றிய மனுக்களைத் தாலுகா அலுவலகத்தில் அதிகாரி நேரில் உட்கார்ந்து வாங்கும் ஜமாபந்தி நடப்பதும் அந்த மே, ஜூன் மாதங்களில்தான். அதற்குள் இறுதியாண்டுப் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒரு வெள்ளைத் தாளில் கேள்விகளை எழுதி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். அவர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அல்லது பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அவர் அதை 30 நாளில், நீண்டால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. ஜனவரியில் ஒரு மாணவர் விண்ணப்பம் போட்டு, பதில் வராமல் மார்ச்சில் மேல்முறையீடு செய்தால், அதன் ஆணை வீட்டுக்கு வரும்போது அவர் கல்லூரியை விட்டே போயிருப்பார். ஒரு பருவம் என்பது ஏறத்தாழ 90 வேலை நாள். சட்டத்தின் நடைக்கு அது போதாது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். 'ஸ்டூடன்ட்தானே, ரெண்டு தடவை வருவான், அப்புறம் வரமாட்டான்' என்ற நிம்மதி அங்கே உண்டு.

ஒரே ஒரு விஷயம் இந்தக் கணக்கை மாற்றும். மாணவர் போய்விடுவார், துறை போகாது. இந்தப் புறநகரில் ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகப் பதினெட்டு வயதுக்காரர்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் இடம் கல்லூரிதான். இந்த ஆண்டு போட்ட மனுவை அடுத்த ஆண்டு ஜூனியர் கையில் எடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனால், 'அப்புறம் வரமாட்டான்' என்பது பொய்யாகிவிடும். ஆயா கேட்ட 'போன வருசம்' என்ற சொல்லுக்கும் அப்போது பதில் கிடைக்கும்.

விட்டுவிடாதவர்கள்

முடிச்சூர்ப் பக்கம் வளர்ந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவர் அருண் கிருஷ்ணமூர்த்தி. சின்ன வயதில் விளையாடிய குளங்கள் கண்ணெதிரே சாக்கடையாவதைப் பார்த்தவர். பிறகு கூகுளில் வேலை கிடைத்தது. அதை விட்டுவிட்டு, இந்திய சுற்றுச்சூழலியலாளர் அறக்கட்டளை என்ற இளைஞர் அமைப்பை முழுநேரமாக நடத்தத் தொடங்கினார். கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் பணிக்காக 2012-ல் இளைஞர்களுக்கான ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. மேலே சொன்ன சங்கிலியில் வரும் அதே கீழ்க்கட்டளைதான். இன்று அந்த அமைப்பு பல மாநிலங்களில் நீர்நிலைகளில் வேலை செய்கிறது. கூகுளை விட்டார் என்பதைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். ஏரியைத் தொடக் கூட அனுமதி வாங்க வேண்டும் என்பதும், அந்த அனுமதிக்காக அலுவலக வாசலில் காத்திருப்பது ஏரிக்குள் இறங்குவதைவிடக் கடினம் என்பதும் என்னை அதைவிட அதிகமாக யோசிக்க வைக்கின்றன. தன்னார்வலர் என்றால் மண்வெட்டி பிடித்த படம்தான் பத்திரிகையில் வரும். கோப்பு நகர்வதற்காகச் செலவான நாள்களைப் படம் பிடிக்க முடியாது.

சிட்லபாக்கம் இன்னொரு பாடம். ஒரு காலத்தில் 86 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த ஏரி, ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. கரையோரம் குப்பைமேடு, உள்ளே கழிவுநீர். 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, சிட்லபாக்கம் மக்கள் வாரக் கடைசிகளில் குடும்பம் குடும்பமாக ஏரிக்குள் இறங்கினார்கள். 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற பெயரில் திரண்டவர்களில் ஐ.டி. ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அந்த ஆண்டே சுமார் 25 கோடி ரூபாயில் சீரமைப்புப் பணியை அரசு அறிவித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்புரவில் வந்த 25 கோடி இல்லை அது. அதற்கு முன்னால் வருடக்கணக்கில் மனுக்கள், தகவல் உரிமை விண்ணப்பங்கள், தேதி போட்ட புகைப்படங்கள் என்று ஆதாரம் சேர்ந்திருந்தது. ஏரிக்குள் இறங்கிய கூட்டம் அந்தக் காகிதங்களுக்குக் குரல் கொடுத்தது.

காகிதம் என்றதும் நீதிநாயகம் கே.சந்துரு நினைவுக்கு வருகிறார். லயோலாவில் படித்தபோது மாணவர் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியதால் வெளியேற்றப்பட்டவர், தாம்பரம் வந்து கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து பட்டப்படிப்பை முடித்தார். 1971-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் உதயகுமார் இறந்ததைப் பற்றி விசாரித்த ஆணையத்தின் முன் மாணவர்கள் தரப்பில் நின்றார். அவர் வாதாடியதைப் பார்த்த விசாரணை நீதிபதியே சட்டம் படிக்கச் சொன்னார். 2006 முதல் 2013 வரை சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த மனிதர் இப்படித்தான் சட்டத்துக்கு வந்தார். தெருவில் முழங்கிய குரல், விசாரணை அறையில் ஆதாரத்தோடு பேசக் கற்றுக்கொண்டபோது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட மாணவர் கூட்டத்தை நாடே பார்த்தது. அப்படித் திரளும் வலிமை நம் பிள்ளைகளிடம் குறையவில்லை. திரண்டது கலைந்த பிறகு, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒரே அலுவலகப் படியைத் திரும்பத் திரும்ப ஏறும் பழக்கத்தைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

துடைப்பம் கொடுக்கிறோம்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இன்று ஒவ்வொரு தொண்டரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். சுற்றுச்சூழல் கல்வியைப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991-ல் எம்.சி.மேத்தா வழக்கில் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக எல்லா இளநிலைப் படிப்புகளிலும் ஆறு மாதப் பாடம் வந்தது. அதில் களப்பணியும் உண்டு. ஆக, நேரத்துக்கும் வாய்ப்புக்கும் குறையே இல்லை.

அந்த நேரத்தை என்ன செய்கிறோம்? கடற்கரையைக் கூட்டுகிறோம். ஏரிக்கரையில் மரக்கன்று நடுகிறோம். பேனர் பிடித்துப் பேரணி போகிறோம். தவறில்லை. உடம்பு வணங்கி வேலை செய்யக் கற்பது நல்லது. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் என் மனத்தாங்கல். கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கும் பிள்ளை, 'இந்த வார்டின் குப்பையை யார் அள்ள வேண்டும், ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு தருகிறோம்' என்று கேட்பதில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குப்பை. பிள்ளைகளுக்குத் துடைப்பம் கொடுக்கிறோம். கேள்வி கேட்கும் தாளைக் கொடுக்கத் தயங்குகிறோம்.

தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நான் ஏளனம் செய்ய மாட்டேன். கல்லூரிக் கட்டடத்துக்கு அனுமதி தருவதும் சொத்து வரி போடுவதும் அதே உள்ளாட்சி அலுவலகங்கள்தான். பேராசிரியர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலோ, 'படிக்கப் போனியா, பெட்டிஷன் போடப் போனியா? நாளைக்கு பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்' என்று அம்மா பயப்படுவார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையின் வீட்டில் இந்தப் பயம் இன்னும் கனமானது. இந்த அம்மாக்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தகவல் கேட்பது குற்றமில்லை. மனுக் கொடுப்பது குற்றமில்லை. தகவல் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று கேட்கவே அலுவலருக்கு உரிமை இல்லை என்று சட்டமே சொல்கிறது. இந்தச் சட்டம் மத்திய அரசால் 2005-ல் வந்தது. அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1997-ல், இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் செய்த மாநிலம் தமிழ்நாடு. அது பல் இல்லாத சட்டம் என்று விமர்சிக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் முதல் அடி நம்முடையது.

நாட்டளவிலான சட்டத்துக்கு வித்திட்டவர்கள் ராஜஸ்தானின் ஏழைத் தொழிலாளர்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எடுக்கப்பட்ட பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனின் அந்த மக்கள் விசாரணைகளிலிருந்துதான் 'கணக்கைக் காட்டு' என்ற குரல் டெல்லி வரை போனது. எழுத்தறியாத தொழிலாளி கேட்டதைப் பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளை கேட்கக் கூடாதா?

இங்கிலாந்தில் 2002 முதல் குடிமைக் கல்வி உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடம். அதைத் தேர்வுப் பாடமாக எடுக்கும் மாணவர் ஒரு பொதுப் பிரச்சினைக்காக ஏதேனும் ஒரு நடவடிக்கையில் இறங்கி, அதைப் பற்றித் தேர்வில் எழுத வேண்டும். பெங்களூரில் ஜனாக்ரஹா அமைப்பு பள்ளிப் பிள்ளைகளைத் தங்கள் வார்டின் பிரச்சினைகளை எடுத்து ஆராய வைக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இருக்கின்றன. எடை குறைவு, காலாவதித் தேதி என்று கேள்வி கேட்கப் பழக்கும் நல்ல முயற்சி அது. அந்தப் பிள்ளை கல்லூரிக்கு வரும்போது அடுத்த படி இருக்க வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது

அந்த அடுத்த படிக்கான இடம் இந்த ஊரிலேயே திறந்திருக்கிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலுக்குப் பின் அதன் முதல் மேயராக வசந்தகுமாரி பதவியேற்றபோது அவருக்கு வயது 25. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். முதுநிலை மாணவர் ஒருவர் கவுன்சிலராகவே இருக்கலாம்.

நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோதே சொன்னது. தமிழ்நாடு அதற்கான விதிகளை 2022-ல்தான் வெளியிட்டது. இருபத்தொன்பது ஆண்டுத் தாமதம். அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நகரங்களில், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் அன்று வந்து கலந்துகொண்ட இடம் தாம்பரம் மாநகராட்சியின் பம்மல். அப்படிப்பட்ட ஊரின் கல்லூரிகளில், 'உங்கள் பகுதி சபை எப்போது கூடும்' என்று கேட்டால் எத்தனை கை உயரும்? நான் இரண்டு வகுப்பறைகளில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கையும் உயரவில்லை. பிள்ளைகள்மீது எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதில் சேரவில்லை, ஊராட்சியாகவே தொடர்ந்தது. அங்கே குடியிருப்பவருக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் பிறகு சேர்க்கப்பட்டன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இருவரில் ஒருத்தி கிராம சபைக்காரி, இன்னொருத்தி பகுதி சபைக்காரி. இதைத் தெரிந்துகொள்வதே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

சபை என்பது நமக்குப் புதிதில்லை. தாம்பரத்திலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அவ்வூரின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டில் குடவோலை முறையைப் படித்திருப்போம். அங்கே தோட்ட வாரியம், பொன் வாரியம் போல ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்தது. கணக்குக் காட்டாதவர் மறுபடி உறுப்பினராக முடியாது. பெருமைப்படலாம், ஆனால் முழுதாகப் படிக்க வேண்டும். நிலமும் வீடும் வேதப் படிப்பும் உடைய, 35 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மட்டுமான சபை அது. ஏரியில் மண் வெட்டியவருக்கு அதில் இடமில்லை. இன்று அவருடைய பேத்தி பதினெட்டு வயதில் அதைவிடப் பெரிய சபைக்குள் நுழையலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏரிகளையும் ஆறுகளையும் காப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51அ பிரிவே அவளிடம் சொல்கிறது.

மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பது முதல் சிக்கல். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் கொண்டிருந்த ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சி. ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. தண்டவாளத்துக்கு அடியில் போகும் கால்வாய்க்கு ரயில்வே. ஏரியின் பழைய எல்லையைச் சொல்லும் அ-பதிவேடும் புல வரைபடமும் தாலுகா அலுவலகத்தில். ப்ராஜெக்ட்களில் பாதிக்குப் பாதி இங்கேயே வழி தவறிவிடுகின்றன. தவறான அலுவலகத்தில் தகவல் கேட்டாலும் பயமில்லை. ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, சட்டத்தின் 6(3) பிரிவு. திங்கட்கிழமைகளில் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டமும் இருக்கிறது.

பெரும்பாக்கத்துக்கும் போய் வர வேண்டும்

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லாவிட்டால் நான் பாதி உண்மையே எழுதியவன் ஆவேன். ஏரி ஆக்கிரமிப்பு என்று வரைபடம் போடும்போது, குடிசையை வரைவது சுலபம். பெரிய கட்டடங்களின் பட்டா கண்ணை மறைக்கும். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையில் வாழ்ந்த குடும்பங்கள் பெயர்க்கப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 20,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் அங்கே நிற்கின்றன. வேலை நகரத்தில், வீடு இங்கே. பல பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு நடுவில் அறுந்தது. அந்தக் குடியிருப்பு நிற்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் அங்கீகாரம் பெற்ற சதுப்பு அது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்து வந்தவர்களைத் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே குடிவைத்தோம்.

ஆகையால் ஏரியை அளக்கும் மாணவர் பெரும்பாக்கத்துக்கும் ஒரு நாள் போக வேண்டும். தன் அறிக்கையால் யாருடைய வீடு முதலில் இடியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏரிக்காகக் கேட்பதும் ஏரிக்கரையில் வாழ்ந்தவருக்காகக் கேட்பதும் ஒரே மனுவில் இருக்க முடியும். சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் களப்பணிக்கு இந்தக் குடியிருப்புகளுக்கு வருகிறார்கள். அங்கே இருக்கும் ஆயாக்களும், 'அந்தப் பேப்பரு எங்க போச்சு' என்று கேட்கத்தான் செய்வார்கள்.

துறைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. 'பரிந்துரைகள்' அத்தியாயத்துக்குப் பின்னால் ஒரு பக்கம் சேருங்கள்: இந்த அறிக்கை எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, என்ன பதில் வந்தது. பதில் வராவிட்டாலும் மதிப்பெண் கொடுங்கள், பதில் வரவில்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான். வைவாவில் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கேளுங்கள். அலமாரியில் தூங்கும் பழைய ஆய்வேடுகளை இந்த ஆண்டு முதலாமாண்டு மாணவர்களிடம் கொடுத்து, அவற்றில் எழுதிய குறைகள் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கின்றன என்று போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, வரும் மார்ச்சில் அதே கடையில் நிற்கும்போது நான்காவது பிரதி ஒன்று போடுங்கள். பத்துப் பக்கச் சுருக்கமாக, தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. உரிய அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். அந்த நகலைப் பத்திரமாக வைத்திருந்து, ஊரை விட்டுப் போகும் முன் உங்கள் ஜூனியர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.